ஜமுக்காளத்தோடு போன நிழல்

மதுரையில் வைகைக்கு வடகரையில் இருக்கும் எங்கள் பூங்காவுக்குப் பலகையில் எழுதியிருக்கிற பெயர் வேறு, ஆனால் அந்தப் பலகையைப் படித்த ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. வாசலில் சிமெண்டில் ஒரு ஒட்டகச்சிவிங்கி நிற்கிறது, அதன் கழுத்தைப் பிடித்துத் தொங்காத பிள்ளை இந்தப் பக்கத்தில் கிடையாது, ஆகவே அது ஒட்டகச்சிவிங்கிப் பூங்கா. உள்ளே நாலு ஊஞ்சல், இரண்டு சறுக்கு, ஓடி ஓடிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிற ஒரு குட்டி ரயில், அழகுக்கு வைத்த பனைவகை மரங்கள் இருபது. அந்த இருபதின் நிழலில் வேண்டுமானால் ஒரு பல்லி உட்காரலாம். மனிதர் உட்கார இருந்தது ஒரே ஒரு தூங்குமூஞ்சி மரம்தான். அது பதினாறு குடும்பத்துக்கு நிழல் கொடுக்கும், பதினேழாவது குடும்பம் வெயிலில் நின்றுகொண்டு பதினாறில் எது முதலில் எழுந்திருக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

இந்த வெயிலில் எதற்குப் பூங்கா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. வீட்டுக்குள் உட்கார்ந்தால் அதைவிட அதிகமாக வேகும் என்பதாலும், பிள்ளைகள் சனிக்கிழமை இரவே செருப்பைத் துடைத்து வைத்துவிடுவதாலும், லெமன் சாதத்தையும் உருளைக்கிழங்கு வறுவலையும் வீட்டில் தின்றால் அது வெறும் சாப்பாடு, புல்லில் உட்கார்ந்து தின்றால் அது ஞாயிற்றுக்கிழமை என்பதாலும் நாங்கள் போகிறோம். போகிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. அது துண்டு போடுகிற சட்டம். பேருந்து சன்னலுக்கும் கல்யாணப் பந்திக்கும் என்ன சட்டமோ அதே சட்டம்தான் நிழலுக்கும்: ஒரு துண்டோ, ஒரு போர்வையோ, எதுவும் இல்லையென்றால் ஒற்றைச் செருப்போ போட்டுவிட்டால் அந்த இடம் அவருடையது. யாராவது வந்து கேட்டால் "ஆள் வருது" என்று சொன்னால் போதும். அதற்குமேல் யாரும் பேச மாட்டார்கள். எங்கள் ஊரில் எதற்கு வேண்டுமானாலும் அடிதடி நடக்கும், ஆனால் ஆள் வருது என்று சொன்ன இடத்தில் உட்கார்ந்ததற்காக ஒரு அடிதடியும் நடந்ததில்லை, ஏனென்றால் அப்படி யாரும் உட்கார்ந்ததே இல்லை.

இந்தச் சட்டத்தை எங்களில் எவரையும்விடக் கறாராகக் காப்பாற்றியவர் பரஞ்சோதி. செல்லூரில் ஃபேன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார், மோட்டாருக்குக் காயில் கட்டுவதில் கெட்டிக்காரர். இந்தப் பக்கத்தில் பாதி வீடுகளில் தலைக்குமேல் சுற்றுவது அவர் கையால் சுற்றிய செம்புக்கம்பிதான். நாற்பத்திரண்டு வயது. அவருக்கும் ரேணுகாவுக்கும் விவாகரத்து ஆனபோது, மகள் அமிழ்தினி அம்மாவோடு இருக்க வேண்டும், மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை அப்பா பார்க்கலாம், பொது இடத்தில், என்று தீர்ப்பில் எழுதியிருந்தது. பொது இடம் என்றால் மதுரையில் ஒன்று கோயில், இல்லையென்றால் கடைத்தெரு, இரண்டிலும் கூட்டத்தில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கலாமே தவிர முகத்தைப் பார்க்க முடியாது. அதனால் அவர் ஒட்டகச்சிவிங்கிப் பூங்காவைச் சொன்னார்.

இரண்டாவது ஞாயிறுகளில் வாட்ச்மேன் ஒச்சப்பன் ஆறரைக்குக் கேட்டைத் திறக்கும்போது பரஞ்சோதி வெளியே தயாராக நிற்பார். நேராகப் போய் மரத்தடியில், நடு நிழலில், சிவப்பும் நீலமும் கோடு போட்ட பவானி ஜமுக்காளத்தை விரிப்பார். நாலு மூலைக்கும் நாலு பொருள்: இரண்டு செருப்பு, ஒரு தண்ணீர் பாட்டில், தேன்மிட்டாய்ப் பொட்டலம். விரித்துவிட்டு அதன்மேல் உட்கார மாட்டார், ஓரத்தில் புல்லில் உட்காருவார். வரப்போவது ஒன்பது வயசுப் பிள்ளை ஒன்று, விரித்திருப்பதிலோ மூன்று பேர் கால்நீட்டிப் படுக்கலாம். "இவரு என்ன நிச்சயதார்த்தத்துக்கா விரிச்சிருக்காரு" என்று என் வீட்டுக்காரர் கேட்பார், நாங்கள் சிரிப்போம். மூன்று பேருக்குத்தான் விரிக்கிறார் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும், தெரிந்துதான் சிரித்தோம், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. முன்பு அவர்கள் மூன்று பேராக இதே பூங்காவுக்கு வந்துகொண்டிருந்தபோது வாங்கிய ஜமுக்காளம் அது.

பிள்ளை பத்து மணிக்கு மாமா ஸ்கூட்டரில் வந்து இறங்கும். அப்பாவும் மகளும் ஷட்டில் ஆடுவார்கள், குட்டி ரயிலில் போய்வருவார்கள், தேன்மிட்டாய் தின்று கையை ஜமுக்காளத்தில் துடைப்பார்கள். பிப்ரவரி மாதம் அமிழ்தினி ஓங்கி அடித்த ஷட்டில் காக் மரத்தில் போய் மாட்டிக்கொண்டது. நாங்கள் எல்லோரும் கல்லெறிந்து பார்த்தோம், விழவில்லை. "அடுத்த மாசம் காத்தடிச்சு அதுவே விழுந்திரும்ப்பா, எடுத்து வை" என்று சொல்லிவிட்டுப் பிள்ளை ஸ்கூட்டரில் ஏறிப் போனது. அடுத்த மாதம் அது வரவில்லை.

மார்ச் இரண்டாவது ஞாயிறு. வெயில் அப்போதே மண்டையைப் பிளந்தது. பதினாறு குடும்பத்துக்கான இடத்தில் இருபத்திரண்டு குடும்பம் நெருக்கி உட்கார்ந்திருந்தோம், நடுவில் அந்த ஜமுக்காளம் மட்டும் காலியாகக் கிடந்தது. நெல்பேட்டை ரஹ்மத் அக்கா கொழுந்தன் பிள்ளைகள், நாத்தனார் பிள்ளைகள் என்று எட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பதினொரு மணிக்கு வந்தது. எட்டும் வெயிலில் ஒற்றைக்காலை மாற்றி மாற்றி நின்றன.

"தம்பி, பிள்ளைக கால் பொசுங்குது. அந்தக் கோடி மட்டும் உக்காந்துக்கிறட்டா?"

"ஆள் வருதுக்கா."

ரஹ்மத் அக்கா மறுபேச்சுப் பேசவில்லை. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீர்க் குழாயடியில் நிற்க வைத்தது. பதினொன்றரைக்கு வேறொருவர் கேட்டார், ஆள் வருது என்றார். பன்னிரண்டுக்கு ஒருவர் கேட்டார், ஆள் வருது. பன்னிரண்டரைக்குப் பிறகு யாரும் கேட்கவில்லை, ஆனாலும் அவர் வாசலைப் பார்த்துக்கொண்டு இரண்டு மூன்று தடவை தானாகவே சொன்னார். ஒன்றே கால் மணிக்கு எழுந்தார். செருப்பைக் காலில் மாட்டினார், பாட்டிலையும் பொட்டலத்தையும் பைக்குள் வைத்தார், ஜமுக்காளத்தை உதறி நீளவாக்கில் ஒரு மடிப்பு மடித்தார், அந்த மடிப்போடு மரத்தின் நிழலில் பாதி மடிந்தது. மேற்கே இருந்தவர்கள்மேல் வெயில் விழுந்ததும் அவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். அகலவாக்கில் ஒரு மடிப்பு மடித்தார், தெற்கே படுத்திருந்தவர் முகத்தில் சுள்ளென்று பட்டது, "வெயில் வந்திருச்சு, எந்திரிங்க" என்று அவர் மனைவி எழுப்பினாள். மூன்றாவது மடிப்பில் ஜமுக்காளத்துக்கு நேர்கீழே இருந்த கொஞ்சமும் போனது. பரஞ்சோதி அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, துவைத்துப் பிழியாத துணிபோல அது கனக்கிறது என்பதைக்கூட கவனிக்காமல், ஒட்டகச்சிவிங்கியைத் தாண்டிப் போய்விட்டார். நாங்கள் மரத்தடியில், வெயிலில், சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்தோம்.

ஒச்சப்பன் அண்ணன் பூங்கா நோட்டில் அன்றைக்கு இப்படி எழுதினார்: தூங்குமூஞ்சி மரம் ஒன்று, உள்ளது. நிழல், இல்லை. எழுதிவிட்டுத் தேதி போட்டார்.

அடுத்த வாரம் சிலர் செல்போனில் படம் எடுத்தார்கள். தாடி வைத்த ஒரு பேராசிரியர் டேப்பைப் பிடித்து எதையோ அளந்தார். மரம் செழிப்பாக நின்றது, கீழே பாத்திரம் கழுவிய முற்றம்போல வெயில் பளபளத்தது, காகம்கூட அடிக்கிளையில் உட்காராமல் மேலேயே உட்கார்ந்தது. மூன்றாம் நாள் பேராசிரியர் வரவில்லை. படத்துக்கும் வரவேற்பு இல்லை, ஏனென்றால் படத்தில் பார்த்தால் அது ஒரு மரமும் வெயிலும்தான். எங்களுக்கு எப்படிப் போனது என்பது பெரிய விஷயமாகவே படவில்லை, யாருடையது என்பதுதான் விஷயம். குடையை விரித்துக்கொண்டு அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்து இரண்டு ஞாயிறு அதைத்தான் பேசினோம்.

"துண்டை எடுத்தா இடம் காலி. அம்புட்டுதான் சட்டம். அவரு ஜமுக்காளத்தை எடுத்துட்டாரு, நிழல் நம்மளது" என்றார் என் வீட்டுக்காரர்.

"காலின்னா அது ஏன் அவரு பின்னாடி போச்சு?" என்றது ரஹ்மத் அக்கா. "அவரு ஆள் வருதுன்னாரு. இன்னும் ஆள் வரல. அதான் நிழலு இடத்தை விட்டுத்தர மாட்டேங்குது. அதுக்குத் தெரிஞ்ச சட்டம் உங்களுக்குத் தெரியல."

 பரஞ்சோதியே வந்து ஆள் வரவில்லை என்று தன் வாயால் சொன்னால்தான் அந்த இடம் காலி என்று முடிவானது. அதைப் போய் அவரிடம் சொல்லச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. இப்படி முடிவு செய்துவிட்டு, மனசும் வராமல், கடைசியில் நாங்கள் என்ன செய்தோம் என்றால், சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனோம்.

அவர் இருந்தது செல்லூரில் ஒரு மூன்று மாடி வீட்டின் மொட்டைமாடியில் போட்ட ஒற்றை அறை. அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனவர், ஜமுக்காளம் ஈரமாக இருக்கிறது என்று நினைத்து மாடியில் காய விரித்திருக்கிறார். விரித்ததும் சுற்றிலும் முப்பதடிக்கு நிழல் விழுந்துவிட்டது. தலைக்குமேல் ஒரு இலையும் கிடையாது, வெறும் ஆகாயம், கீழே தரையில் தூங்குமூஞ்சி இலைகளின் நிழல் பொடிப்பொடியாக அசைந்தது. பூங்காவில் காகம் வந்து உட்கார்ந்தால் செல்லூர் மாடியில் காகத்தின் நிழல் விழுந்தது, அது பறந்தால் இதுவும் பறந்தது. கீழ்வீட்டுக்காரர்கள் வடகம் காயப்போடுகிறவர்கள். மார்ச் மாதத்தில் மதுரையில் நிழலைத் திட்டியவர்கள் அவர்கள் மட்டும்தான். சாக்பீஸில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் நிழல், அந்தப் பக்கம் வடகம் என்று பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.

நாங்கள் போய் நின்றபோது பரஞ்சோதி ஒன்றும் கேட்கவில்லை, "வாங்க, செருப்ப அங்கிட்டு விடுங்க, மாடிப்படி செங்குத்து, பிள்ளைகளைப் பிடிச்சுக்கங்க" என்றார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஊஞ்சலுக்குப் பூங்கா, உட்கார செல்லூர் மாடி என்று ஆகிவிட்டது. தெருமுனையில் பஞ்சுமிட்டாய்க்காரர் வந்து நின்றார். பத்துப் பன்னிரண்டு குடும்பம் நிழலின் ஓரத்தில் சுவரை ஒட்டி வட்டமாக உட்காருவோம், தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் பிள்ளைகள் ஒளிந்து விளையாடும், நடுவில் அந்த ஜமுக்காளம் காலியாகக் கிடக்கும், அதன் ஓரத்தில் அவர் உட்கார்ந்து யாருடைய ஃபேனுக்காவது காயில் சுற்றிக்கொண்டிருப்பார். யாரும் அதில் கால்வைக்க மாட்டோம். சாப்பிடக் கூப்பிட்டால் "ஆள் வந்ததும் சாப்பிடுறேன்" என்பார். அத்தனை பேர் சிரித்துப் பேசிச் சாப்பிடுகிற இடத்தில் ஒருவர் அவ்வளவு தனியாக இருக்க முடியும் என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது. 

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. மாடியில் ஏறியதும் தரையில் இலை நிழல்களுக்கு நடுவே எதையோ தேடுவார், தேடிக் கண்டுபிடித்ததும் பக்கத்தில் குத்தவைத்து உட்காருவார். ஒருநாள் நானும் குனிந்து பார்த்தேன். விரல்நீளத்தில், பாவாடை விரித்த மாதிரி, ஷட்டில் காக்கின் நிழல். மரத்தில் மாட்டிய அது இன்னும் அங்கேதான் இருந்தது.

"விழுகலம்மா இன்னும்" என்றார். "காத்தடிச்சா ஆடுது, விழுகல."

மார்ச்சில் பிள்ளை வராததற்கு முழுப்பரீட்சை என்று ரேணுகா பிற்பாடு தகவல் அனுப்பியிருந்தாளாம். ஏப்ரல் இரண்டாவது ஞாயிறு அவர் ஜமுக்காளத்தை மடித்து எடுத்துக்கொண்டு ஆறரைக்குப் பூங்காவுக்கு வந்தார். விரித்ததும் நிழல் மரத்துக்குக் கீழே பழையபடி விழுந்தது, ஒன்றே கால் மணிக்கு மடித்ததும் பழையபடி கூடவே போனது. அன்றைக்கும் பிள்ளை வரவில்லை. ரேணுகாவுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது, அங்கே பள்ளிக்கூடம் பார்க்கப் போயிருக்கிறார்கள், ஜூன் மாதம் குடிபோகிறார்கள் என்று சாயங்காலம் போனில் தெரிந்தது. அதில் அவள்மேலும் குறை சொல்ல ஒன்றுமில்லை, பிழைப்பு எங்கே கூப்பிடுகிறதோ அங்கேதானே போக வேண்டும். மே மாதம் வருவீர்களா என்று இவர் கேட்டிருக்கிறார். பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறாள்.

மே முதல் வாரம் ஒச்சப்பன் அண்ணன் செல்லூர் மாடிக்கு ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. ரஹ்மத் அக்கா தண்ணீர் கொடுத்தது, குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"சோதி, மரம் தூங்க மாட்டேங்குதுப்பா."

பரஞ்சோதி காயில் சுற்றுவதை நிறுத்தினார்.

"சாயங்காலம் ஆறு மணிக்கு இலைய மூடுற மரம். மூடல. நான் காலைல கேட்டைத் திறக்க வரப்பவும் அப்படியே முழிச்சுக்கிட்டு நிக்குது. நீ எடுத்துட்டுப் போன அன்னிக்கிருந்து இப்படி. இப்ப இலை பூராம் பழுத்துக் கொட்டுது. தோட்டக்காரரு பாத்துட்டு, இப்படியே போனா ஆடிக்குள்ள பட்டுப்போகும்ங்கிறாரு."

"நான் எடுத்துட்டுப் போகலண்ணே. அதுவா வந்துச்சு."

"அதுவாத்தான் வந்துச்சு. யாரு இல்லைன்னா. ஆனா நீ ஒரு வார்த்தை சொன்னா..."

"அந்த வார்த்தைய அவருகிட்டக் கேக்காதீங்கண்ணே" என்றது ரஹ்மத் அக்கா. சட்டென்று சொல்லிவிட்டுத் தலைத் துணியைச் சரிசெய்துகொண்டது.

 தரையைப் பார்த்தேன், ஒச்சப்பன் அண்ணன் சொன்னது சரிதான், இலைநிழல்களுக்கு நடுவே பெரிய பெரிய வெயில் ஓட்டைகள் விழுந்திருந்தன. பரஞ்சோதியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபேன் கட்டுகிறவர், சூடு தாங்காமல் ஒன்று கருகுவது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். "ரெண்டாவது ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுங்கண்ணே" என்றார். பொறுத்துக்கொள்கிறேன் என்று அண்ணன் தண்ணீரைக் குடித்தார்.

அந்த ஞாயிறு கத்திரி வெயிலின் நடுவில் வந்தது. சொல்லிவைத்தது மாதிரி நாங்கள் எல்லோரும் வந்திருந்தோம், வழக்கமாக வராதவர்களும் வந்திருந்தார்கள், குட்டி ரயில் ஓட்டுகிறவர் ரயிலை நிறுத்திவிட்டு வந்து நின்றார். பரஞ்சோதி ஆறரைக்கு விரித்தார். பாதி இலை கொட்டிய மரத்தின் பாதி நிழல் வந்து விழுந்தது. நாலு மூலைக்கும் நாலு பொருளை வைத்துவிட்டு ஓரத்தில் உட்கார்ந்தார். பத்து மணி ஆனது, பதினொன்று ஆனது. ரஹ்மத் அக்காவின் எட்டுப் பிள்ளைகளும் நிழலின் விளிம்பில் கட்டைவிரல் நிழலிலும் குதிகால் வெயிலிலுமாக நின்றன. பன்னிரண்டு ஆனது. ஒன்றே கால் மணிக்கு அந்த ஜமுக்காளம் மடிந்தால் மரமும் அதோடு முடிந்தது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், ஆள் வரவில்லை என்று அவர் சொன்னால் அவர் முடிந்தார் என்பதும் தெரியும். இரண்டில் எது நடக்க வேண்டும் என்று கேட்டால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டேகாலுக்கு ஒரு கொத்து இலை மொத்தமாகக் கழன்று அவர் மடியில் விழுந்தது. அவர் நிமிர்ந்து மரத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். வாயைத் திறந்தார், அந்த வார்த்தை வரவில்லை, இரண்டு தடவை திறந்து மூடினார். பிறகு எழுந்து, இத்தனை மாதமாகத் தான் உட்காராத ஜமுக்காளத்தில் ஏறி, நட்டநடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"வாங்க பிள்ளைகளா, உக்காருங்க" என்றார். "இடம் இருக்கு."

பிள்ளைகள் ரஹ்மத் அக்காவைப் பார்த்தன. அக்கா தலையை ஆட்டியது. எட்டும் பாய்ந்து வந்து விழுந்தன, அவற்றின் பின்னால் எங்கள் பிள்ளைகள், அப்புறம் நாங்கள். டிபன் கேரியர் திறந்தது, தால்ச்சாக் குழம்பு கொட்டியது, யாரோ அவர் கையில் ஒரு தட்டைக் கொடுத்தார்கள். கொடுத்ததை அவர் சாப்பிட்டார். எங்களுக்கு மேலே இலைகளின் நடுவே என்னவோ தளர்ந்து மூச்சுவிட்ட மாதிரி இருந்தது, காற்றாகவும் இருக்கலாம்.

மணி பன்னிரண்டே முக்கால் இருக்கும். நிழலின் ஓரத்தில், வெயிலில், பச்சைப் பட்டுப்பாவாடை கட்டிய ஒரு பிள்ளை வந்து நின்றது. மூன்று மாதத்தில் ஒரு சாண் வளர்ந்திருந்தது. ஜமுக்காளத்தைப் பார்த்தது, அதில் பிதுங்கி உட்கார்ந்திருக்கிற இருபது பேரைப் பார்த்தது, நடுவில் உட்கார்ந்திருந்த அப்பாவை அந்தக் கூட்டத்தில் அதற்கு அடையாளம் தெரியவில்லை. இடமில்லாத இடத்தில் எந்தப் பிள்ளையும் கேட்பதைத்தான் அதுவும் ஓரத்தில் இருந்த என்னிடம் கேட்டது.

"ஆன்ட்டி, இங்க ஆள் வருதா?"

பரஞ்சோதி கையில் சோற்றோடு அப்படியே இருந்தார்.  ரஹ்மத் அக்காதான் சொன்னது, அதுவும் சிரித்துக்கொண்டு சொல்ல நினைத்து முடியாமல் அழுதுகொண்டு சொன்னது:

"வந்தாச்சுத்தா. ஆள் வந்தாச்சு."

இருபது பேரும் நகர்ந்து அவர் பக்கத்தில் இடம் விட்டோம். அங்கே தால்ச்சா கொட்டியிருந்தது. பட்டுப்பாவாடை வீணாகிவிடும் என்று அமிழ்தினி தன் கைக்குட்டையை, நீலக்கரை போட்ட பள்ளிக்கூடக் கைக்குட்டையை, பிரித்து விரித்து அதன்மேல் உட்கார்ந்தது. அவர்களுக்குக் கால்மணி நேரம் இருந்தது. ரேணுகா வாசலில் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து நிழலில் நின்றாள், உள்ளே வரச்சொல்லி நான் ஆளனுப்பினேன், பரவாயில்லை என்று சொல்லிவிட்டாளாம். பிள்ளை தேன்மிட்டாய் தின்றது, புதுப் பள்ளிக்கூடத்தில் நீச்சல்குளம் இருப்பதைச் சொன்னது, வீடு இரண்டாவது மாடி என்று சொன்னது.

"ஓசூர் செம குளிராம்ப்பா. ஃபேனே போட மாட்டாங்களாம்."

"அப்படியா பாப்பா" என்றார் பரஞ்சோதி. "நல்லதுதான். நல்லா தூங்கலாம்."

பிறகு பிள்ளை கீழே குனிந்து, தன் மடிப் பக்கத்தில் கைக்குட்டை ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்த சின்ன நிழலைத் தொட்டது. "என் ஷட்டில் இன்னும் விழுகலையாப்பா?" என்று கேட்டது. விழவில்லை என்று சொன்னார். மணி ஒன்று ஆனதும் அதுவாகவே எழுந்துகொண்டது, கெட்டிக்காரப் பிள்ளை, அழாமல் எழுந்தது. கைக்குட்டையை எடுத்து, நீளவாக்கில் ஒன்று, அகலவாக்கில் ஒன்று, அப்பா மடிக்கிற மாதிரியே மடித்துப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டது. அது இருந்த இடத்தில், ஜமுக்காளத்தின்மேல், ஒரு கைக்குட்டை அளவுக்குச் சதுரமாக வெயில் விழுந்தது. ஷட்டில் காக்கின் நிழல் அங்கே இல்லை.

அமிழ்தினி அந்தச் சதுரத்தைக் கொஞ்சநேரம் பார்த்தது.

"அப்பா, இதுல யாரும் உக்கார வேணாம்னு சொல்லு."

"சொல்றேன் பாப்பா."

அது ஓடிப்போய் அம்மா கையைப் பிடித்துக்கொண்டது. திரும்பிப் பார்த்ததா என்று கேட்டால், பார்த்தது என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார், எனக்கு வெயில் கண்ணில் அடித்ததால் தெரியவில்லை. சாயங்காலம் பரஞ்சோதி ஜமுக்காளத்தை மடித்தார், முதல் மடிப்பில் நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம், நிழல் இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் வெறும் ஜமுக்காளத்தைத் தூக்கிக்கொண்டு போனார், அது எடையே இல்லாமல் இருந்தது என்று பிற்பாடு சொன்னார். ஆறு மணிக்கு மரம் ஒவ்வொரு இலையாக மூடித் தூங்கப்போனது. ஒச்சப்பன் அண்ணன் நோட்டில் எழுதினார்: மரம் ஒன்று, நிழல் ஒன்று. ஒரு கைக்குட்டை குறைவு.

இப்போது மரம் மறுபடி செழித்துவிட்டது, பதினெட்டுக் குடும்பம் உட்காரலாம். செல்லூர் மாடியில் சாக்பீஸ் கோட்டை அழித்துவிட்டு முழுக்க வடகம் போடுகிறார்கள். ஓசூரிலிருந்து ஒரு தடவை போன் வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் கைக்குட்டையை விரித்தால் தூங்குமூஞ்சி இலை நிழல் விழுகிறதாம், ஆறு மணிக்கு அது மூடிக்கொள்கிறதாம், என் ஷட்டில் என்கிட்ட இருக்குப்பா என்று பிள்ளை சொன்னதை அவர் எங்களிடம் மூன்று வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு போன் வந்ததா என்று நாங்கள் கேட்பதில்லை.

இரண்டாவது ஞாயிறுகளில் அவர் இன்னும் ஆறரைக்கு வருகிறார், ஜமுக்காளம் கொண்டுவருவதில்லை, அந்தச் சதுர வெயிலை ஒட்டிப் புல்லில் உட்காருகிறார், ஒரு தோள் எப்போதும் காய்கிறது. அதில் யாரும் உட்காருவதில்லை, பந்துகூட அதில் விழுந்தால் பிள்ளைகள் ஓரமாக நின்று எட்டி எடுக்கும். புதிதாக வருகிறவர்கள், இத்தனை நெருக்கடியில் நடுவே இந்த இத்துனூண்டு இடத்தை ஏன் காலியாக விட்டிருக்கிறீர்கள் என்று சில சமயம் கேட்பார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள் நாங்கள் எல்லோரும், கிழக்கே இருப்பவர்களும் மேற்கே இருப்பவர்களும், சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களும் படுத்திருப்பவர்களும், ரஹ்மத் அக்காவின் எட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து சொல்கிறோம்: ஆள் வருது.